வேண்டுகோள் மொழியும் சோழர் சீனத் தூதும்

ஹாலிஎலையிலும் பதுளையிலும் ஆங்கிலம் பயிலும் நம் மாணவர், வேண்டுகோளின் தொடக்கத்தில் ‘குட் யூ’ எனக் கண்டு மயங்குவதுண்டு. ‘குட்’ என்பது ‘கேன்’ என்னும் வினையின் இறந்தகால வடிவமாயினும், ஆண்டு அது காலத்தை உணர்த்தாது, பணிவையே உணர்த்தும். நாமும் ஒருவரை நோக்கியே ‘தாருங்கள்’ என்கிறோம். அப்பன்மை எண்ணைக் குறிப்பதன்று, மரியாதையைக் குறிப்பது. எனவே, பணிவு மொழியைச் சொல்லளவிற் பொருள் கொள்ளல் தகாது.

வரலாறு பயில்வார்க்கும் இவ்வுண்மை வேண்டும். கி.பி. 1015இல் சோழ நாட்டுத் தூதுவர், முத்தும் யானைத் தந்தமும் கொண்டு சீனத்துச் சோங் பேரரசரின் அவையை அடைந்தனர். அவர்தம் பயணம் 1,150 நாள் நீடித்தது எனச் சீன வரலாற்று நூல் கூறும். அந்நூலிற் காணும் திருமுகத்தில், சோழ மன்னர் தம்மைக் காடியில் மொய்க்கும் சிறு கொசுகுக்கும், சடங்கு முடிந்தபின் எறியப்படும் வைக்கோல் நாய்க்கும் ஒப்பிடுகிறார். ஈழத்தின் பெரும்பகுதியை வென்று, பின்னர் 1025இல் கடாரத்தின்மீதும் படையெடுத்த சோழர் தம்மை இங்ஙனம் இழித்துரைத்தனரோ?

அவ்விரு உவமைகளும் பண்டைச் சீனத் தாவோ நெறி நூல்களில் வழங்குவன. தமிழ் மரபுக்குரியன அல்ல. ஆதலின், மொழிபெயர்த்தோர் தம் அவை வழக்கிற்கேற்ப அவற்றைப் பெய்தனர் எனக் கொள்வதே பொருந்தும். சோழர் நாடியது வாணிக நட்பு. சீன அவை அதனைத் திறையாக எழுதிக்கொண்டது.

ஆங்கிலேயர் ஆட்சியில் மேலதிகாரியும் கீழோர்க்கு எழுதும் மடலைத் ‘தங்கள் பணிவுள்ள ஊழியன்’ என்றே முடித்தார். அதனால் அவர் ஊழியராகிவிடவில்லை. உரிமை கோரி மனு எழுதும் தொழிலாளியும் அவ்வாறே. பணிவு மொழியின் மரபு. கோரப்படும் உரிமையோ கோருவோனுடையது. இவ்விரண்டையும் பிரித்தறிதலே கற்றலின் பயனாம்.