15 வருடத்துக்கு ஒரு கார்

ஷோரூமில் காரின் கதவைத் திறந்து பார்ப்பதற்குள் நாம் கேட்டுவிடும் கேள்வி, “மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?” நல்ல கேள்விதான். ஆனால் வரும் பதிலை இன்றைய பெட்ரோல் விலையோடு மட்டும் பொருத்திப் பார்த்தால் கணக்கு தப்பும். சொந்த காரின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். அத்தனை வருடத்துக்குமான எரிபொருளையும் சேர்த்துத்தான் நாம் விலை பேசுகிறோம்.

எண்ணெய்த் தட்டுப்பாடு என்றதும் கிணறு வற்றும் நாளை நினைக்கிறோம். அதற்கு வெகு முன்பே அது விலையாகவோ ரேஷனாகவோ வீட்டு வாசலுக்கு வந்துவிடும். இந்தியா தன் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. எங்கோ போர் மூண்டால் நம் ஊர் பங்க்கில் விலை ஏறுவது அதனால்தான்.

ரேஷன் எப்படி இருக்கும் என்பதை இலங்கை 2022-இல் பார்த்தது. எண்ணெய் வாங்க டாலர் இல்லை. மக்கள் நாள்கணக்கில் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். கியூஆர் குறியீடு காட்டி எரிபொருள் வாங்கும் பங்கீட்டு முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லிட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர். லிட்டருக்கு 10 கி.மீ. ஓடும் கார் அந்த வாரம் 200 கி.மீ. போகும், 20 கி.மீ. ஓடும் கார் 400 கி.மீ. போகும். கையில் பணம் இருந்தவருக்கும் அன்று மைலேஜ்தான் கைகொடுத்தது.

அன்றைய விலையை மட்டும் நம்பி வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவின் டீசல் கார்களே சாட்சி. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். கூடுதல் விலை கொடுத்துப் பலரும் டீசல் காருக்கு மாறினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது, இடைவெளி சுருங்கியது. 2020 ஜூனில் டெல்லியில் டீசல் பெட்ரோலையே தாண்டியது. அதே ஆண்டு பிஎஸ்-6 புகை மாசு விதி வந்ததும், மாருதி டீசல் கார் விற்பதையே நிறுத்தியது.

ஆகவே வீட்டிலேயே ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். மாதம் 1,000 கி.மீ. ஓட்டம், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 15 கி.மீ. தரும் காருக்குச் செலவு சுமார் 6,670 ரூபாய், 20 கி.மீ. தரும் காருக்கு 5,000. பெட்ரோல் 130 ஆனால் இவை 8,670, 6,500 ஆகும். மைலேஜ் குறைந்த வண்டியில் விலையேற்றம் கூடுதலாக வலிக்கும்.

மின்சாரக் காருக்கு 1,000 கி.மீ.க்குச் சுமார் 150 யூனிட் போதும். வீட்டு மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்றால் 1,200 ரூபாய். அந்த கார் 3 லட்சம் கூடுதல் விலை என்றாலும், 15 கி.மீ. தரும் பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் நாலரை வருடத்தில் அந்தப் பணம் திரும்பிவிடும். மாதம் 300 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு அதே 3 லட்சம் திரும்ப 15 வருடம் ஆகும். அவருக்கு நல்ல மைலேஜ் தரும் சின்ன பெட்ரோல் காரே போதும்.

முன்பணம் கட்டுமுன் உங்கள் மாத ஓட்டத்தை எழுதுங்கள். அதை காரின் மைலேஜால் வகுத்து, இன்றைய விலையோடு லிட்டருக்கு 30 ரூபாய் கூட்டிப் பெருக்குங்கள். வரும் தொகையை, கார் தவணையும் போன பிறகு உங்கள் சம்பளம் தாங்குமானால், அது உங்களுக்கான கார்.