வாலைக் கட்டினால் தலை நேராகும்

அமெரிக்காவில் குடியிருக்கும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். படுக்கை, அடுப்பு, குளியலறை யாவும் அடங்கிய 11 மீட்டர் நீள மோட்டார்ஹோம் ஒன்றைப் பழையதாக வாங்கி, வயோமிங் மாநிலத்தின் காற்றுப் பிரதேசத்தினூடே செல்லும் 80ஆம் எண் நெடுஞ்சாலையில் ஓட்டிச் சென்றபோது, வண்டி ஒரு கணமும் நேர்கோட்டில் நில்லாமல் அலைந்ததாகவும், லாரி ஒன்று கடந்துபோகும் ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங்கை இரு கைகளாலும் இறுகப் பற்ற நேர்ந்ததாகவும் தெரிவித்துவிட்டு, ஸ்டியரிங்கின் திடீர் இழுப்பை மட்டுப்படுத்துவதும், ஒற்றை விரலால் ஓட்டலாம் என்று விளம்பரம் செய்யப்படுவதுமான ஸ்டியரிங் டாம்பரை வாங்கிப் பொருத்தலாமா என்று கேட்கிறார். அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். ஏனெனில், நோய் கையில் உணரப்பட்டாலும், அதன் உற்பத்தி ஸ்தானம் பெரும்பாலும் கைக்கு வெகுதூரத்தில், வண்டியின் பின் அச்சில் இருக்கிறது.

மூன்று மீட்டர் உயரமுள்ள அந்தப் பக்கச் சுவரின்மீது, மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று, சுமார் 400 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்துகிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 6 மீட்டர்தான். பின் அச்சுக்கு அப்பாலோ 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உடல், தாங்குவதற்குச் சக்கரமின்றி நீண்டு நிற்கிறது. இடப்புறமாகக் கடந்து முன்னேறும் லாரியின் முகத்தால் தள்ளப்படும் காற்று முதலில் தாக்குவது இந்த வாலைத்தான். வால் வலப்புறம் ஒதுங்க, தலை லாரியின் பக்கம் திரும்புகிறது. அதைத் தடுக்க ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒடிக்கும் தறுவாயில், அதே காற்று முன்பகுதியை எட்டி எதிர்த்திசையில் தள்ளிவிடுகிறது.

இவ்வளவும் காற்றின் குற்றம். வண்டியின் குற்றம் இனிமேல்தான் வருகிறது. எனக்கு மிகுந்த ஆனந்தம் தரும் பகுதியும் அதுவே. இத்தகைய வண்டிகளில் பல, ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-53 என்ற அடிச்சட்டத்தின்மேல் கட்டப்படுகின்றன. சாமான் விநியோக வண்டிகளுக்கான அடிச்சட்டத்துக்கு நெருங்கிய உறவு அது. அதில் அச்சுகளைச் சட்டத்தோடு பிணைப்பவை, லாரிகளில் காண்பது போன்ற பட்டா அடுக்குகள். பாரத்தை நேர்கீழாகத் தாங்குவதில் பட்டா மிகத் தேர்ந்தது. பக்கவாட்டு விசையைத் தடுப்பதும் அதன் கடமையே என்றாலும், முனைகளிலுள்ள ரப்பர் புஷ்களும், பின்முனையைத் தொங்கவிட்டிருக்கும் ஷாக்கிள்களும் நெகிழ்ந்துகொடுப்பதால், டயர்கள் தரையைப் பற்றி நிற்க, மேலிருக்கும் உடல் மட்டும் பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது.

மூட்டுகள் தளர்ந்த பழைய மரக்கட்டிலை எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கு பேர் ஏறி உட்கார்ந்தாலும் அது ஒடியாது. ஆனால் படுத்திருப்பவர் புரண்டால், கால்கள் நின்ற இடத்திலேயே நிற்க, மேற்சட்டம் மட்டும் சாய்ந்து மீளும். தளர்ந்த மூட்டு கால்மாட்டில் இருந்தாலும் தூக்கம் கெடுவது தலைமாட்டில் தலை வைத்திருப்பவருக்குத்தான் என்பதால், அவர் தலைமாட்டுக் காலின் அடியில் மடித்த துணியைச் செருகுகிறார், தலையணையை மாற்றுகிறார், கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடுகிறார், கடைசியில் இரவெல்லாம் புரளாமல் கிடக்கவும் பழகிக்கொள்கிறார். விஷயம் தெரிந்த தச்சர் வந்தால், கால்மாட்டில் ஒரு காலின் அடியிலிருந்து மற்றக் காலின் உச்சிக்குக் குறுக்காக ஒரே ஒரு சட்டத்தை அறைந்துவிட்டுப் போய்விடுவார். நம் வண்டியில் புரள்கிறவர் காற்று; தலைமாடு ஸ்டியரிங்; மடித்த துணி டாம்பர்; தச்சர் அறையும் சட்டம், பின் அச்சின் குறுக்கே போட வேண்டிய பான்ஹார்டு தண்டு.

பின் அச்சுக்கு மேலுள்ள உடல் ஒரே ஒரு சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்ததாக வைத்துக்கொள்வோம். ஆறு மீட்டர் இடைவெளியில் அந்த ஒரு சென்டிமீட்டர், வண்டி முழுவதையும் ஒரு பாகையின் பத்தில் ஒரு பங்கு திருப்பிவிடுகிறது; முன் சக்கரங்களும் உடலோடு சேர்ந்து அதே கோணம் திரும்பிவிடுவதால், ஓட்டுநர் ஸ்டியரிங்கை அசைக்காதிருக்கையிலேயே வண்டி புதிய திசையில் புறப்பட்டுவிடுகிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், வினாடிக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வீதம் அது பாதையை விட்டு விலகும். இதைத் திருத்த ஸ்டியரிங் சக்கரத்தை இரண்டு பாகை போலத் திருப்பினால் போதும். ஆனால் பழைய ஸ்டியரிங் பெட்டியின் தளர்ச்சியே அதைவிட அதிகமாக இருக்கக்கூடும் ஆதலால், கையின் கட்டளை முன் சக்கரத்தை எட்டுவதற்குள் லாரி போய்விடுகிறது, பட்டா தன் நிலைக்கு மீண்டுவிடுகிறது, திருத்தமே புதிய பிழையாகிவிடுகிறது. இப்படி நாள் முழுவதும் நடந்தால் தோள் வலிக்காமல் என்ன செய்யும்?

சரித்திரம் வேண்டுவோருக்கு இவ்வளவு போதும். 1894இல் பாரிஸ்–ரூவான் ஓட்டத்தில் வாஷெரோன் என்பவர் ஓட்டிய பான்ஹார்டு காரில், அக்காலத்து வழக்கமான தடிக்குப் பதிலாக வட்டச் சக்கரம் ஸ்டியரிங்காக அமைந்திருந்தது. நாம் பேசும் தண்டும் அதே பிரெஞ்சு நிறுவனத்தின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1966இல் அயோவா மாநிலத்து ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ நிறுவனம் மோட்டார்ஹோம்களைச் செய்யத் தொடங்கிய பின்னர், அவை சாமானிய அமெரிக்கக் குடும்பத்துக்கும் எட்டும் பொருளாயின.

பான்ஹார்டு தண்டின் ஒரு முனை அச்சின் ஒரு புறத்திலும், மறுமுனை சட்டத்தின் எதிர்ப்புறத்திலும் பொருத்தப்படுவதால், அச்சு மேலும் கீழும் தாராளமாக அசையலாம், பக்கவாட்டில் அசைய இயலாது. அதற்கும் ஒரு குறையுண்டு: முனை வட்டவில்லில் செல்வதால், ஒரு மீட்டர் நீளமுள்ள தண்டு 5 செ.மீ. ஏறும்போது அச்சை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பக்கத்தில் இழுக்கும். ஆகவே தண்டு இயன்ற அளவு நீளமாகவும், வண்டி பாரத்தோடு நிற்கையில் கிடைமட்டமாகவும் இருக்க வேண்டும். குட்டையாகச் செய்து சாய்த்துப் பொருத்தியதை வாங்குவது வீண்செலவு.

டாம்பர் முற்றிலும் பயனற்றது என்று சொல்லமாட்டேன். முன் டயர் வெடிக்கும்போது ஸ்டியரிங் திடீரென இழுபடுவதை அது மட்டுப்படுத்தும், அது உண்மையான உபகாரம். ஆனால் பின் அச்சின் நகர்வை முன்னால் இருக்கும் எந்தக் கருவியாலும் தடுக்க முடியாது. வாசகர் எதையும் வாங்குமுன், பிரயாணத்துக்குரிய முழுப் பாரத்தோடு வண்டியின் சக்கரங்களைத் தனித்தனியே எடைபோட்டு, டயர் தயாரிப்பாளரின் அட்டவணைப்படி காற்றழுத்தம் வைக்கட்டும். வாலின் கோடியில் மோட்டார் சைக்கிளோ பெட்டியோ தொங்கினால் கழற்றிவிடட்டும். பின் அச்சுக்கு 3 மீட்டர் அப்பால் ஏற்றிய 100 கிலோ, முன் சக்கரங்களிலிருந்து 50 கிலோவைத் தூக்கிவிடுகிறது. பிறகு சமதரையில் வண்டியை நிறுத்தி, ஒருவர் பின் மூலையில் தோள்கொடுத்துப் பக்கவாட்டில் விட்டுவிட்டுத் தள்ள, மற்றொருவர் பின் டயருக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியைக் கவனிக்கட்டும். டயர் அசையாமலிருக்க இடைவெளி மட்டும் கூடிக் குறைந்தால், முதலில் தேய்ந்த புஷ்களை மாற்றிவிட்டு, அதன்பின் பின் அச்சுக்குத் தண்டு போடலாம்.