வீடும் அனுமதியும்

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்பது நம் முன்னோர் வாக்கு. வீடு கட்டுவோர்க்கு இக்காலத்தில் முதற்கல் நாட்டும் முன்னரே ஒரு சோதனை உண்டு. அதுவே கட்டட அனுமதி. அதனை வீண் தொல்லை என்று கருதுவோர் பலர். அக்கருத்து பொருந்துமா என ஆராய்வோம்.

2021-ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்த கும்பகோணத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கு வீடு கட்ட விரும்புவோர்க்கு முதலில் வேண்டுவன யாவை? கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, நில அளவை வரைபடம், மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதென்பதற்குச் சான்று ஆகியனவே. இறுதியிற் கூறியதிலேதான் பலர் இடறுகின்றனர். மலிவென்று அங்கீகாரமற்ற மனையை வாங்கியவர், வாழ்நாட் சேமிப்பை அதில் முடக்கிவிட்டுக் கலங்குகின்றார். 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் பிறந்தன. ஆயினும், வாங்குமுன் விசாரிப்பதே அறிவுடைமை.

அடுத்தது கட்டட வரைபடம். வீட்டைச் சுற்றி எவ்வளவு இடம் விடவேண்டும், தெருவின் அகலம் என்ன, உயரம் எவ்வளவு என்பனவற்றை 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வரையறுக்கின்றன. மழைநீர் சேகரிப்பும் கட்டாயமாகும். நாம் விடும் இடைவெளி வீணாகும் நிலமன்று. நமக்கும் அண்டை வீட்டார்க்கும் காற்றும் வெளிச்சமும் தரும் வழி அது. தீ நேர்ந்தால் மக்கள் வெளியேறவும் அதுவே உதவும். கும்பகோணத்துப் பள்ளியொன்றில் 2004 சூலை 16 அன்று கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். கட்டட விதி எத்துணை உயிர்களைக் காக்கவல்லது என்பதற்கு வேறு பாடம் வேண்டுமோ?

2024 சூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மேல்தளமுமாக வீடு கட்டுவோர், விதிகளுக்கு உட்பட்டே கட்டுவோம் எனத் தாமே உறுதி கூறி, இணையவழியில் உடனடியாக அனுமதி பெறலாம். அலைச்சல் குறைந்தது, பொறுப்போ கூடியது. கண்காணிப்பாளர் இல்லாத தேர்வறையில் மாணவனின் நேர்மையே கண்காணிப்பு அன்றோ?

ஆகவே நேயர்களே, அனுமதி பெற்ற வரைபடத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். கொத்தனார் கையில் ஒரு படி கொடுங்கள். அதில் இல்லாத ஓர் அடிச் சுவரும் எழாமற் பார்த்துக்கொள்ளுங்கள்.