நான்காம் நாள்

‘ஹோஸ்ட் ஃபேமிலி’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘விருந்தோம்பும் குடும்பம்’ என்றால் பாடப்புத்தக வாடை அடிக்கிறது. ‘வீட்டுக்காரர்’ என்றால் வாடகைதான் ஞாபகத்துக்கு வருகிறது. விருந்தாளி ஒரு பக்கம், குடித்தனக்காரர் இன்னொரு பக்கம் என்று நம் மனசு பிரிந்து கிடக்கிறது. மாசாமாசம் பணமும் கொடுத்து, நம் கூடத்தில் படுத்து, நம் சட்டியிலேயே சாப்பிடும் மூன்றாவது ஆளுக்கு நம்மிடம் பெயர் இல்லை.

‘விருந்து’ என்பதற்கே புதுமை என்று பொருள் உண்டு. தொல்காப்பியம் இச்சொல்லைப் புதிதாகப் புனையும் செய்யுளுக்குப் பயன்படுத்துகிறது. வடமொழி ‘அதிதி’க்கோ, நாள் குறிக்காமல் வருபவர் என்று மரபாகப் பொருள் சொல்வார்கள். படிக்க வரும் மாணவர் இந்த இரண்டிலும் அடங்குவதில்லை. தேதி குறித்து, விசா வாங்கி, ஆறு மாசம் இருக்க வருகிறார். புதுமை எத்தனை நாள் தாங்கும்? ‘விருந்தும் மருந்தும் மூணு நாள்’ என்று ஜனங்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். என் அக்கறை நான்காம் நாளைப் பற்றியது.

சேலையூரில் எங்கள் வீட்டில் சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜெர்மன் மாணவி தங்கினாள். பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஒரு பருவம் படிக்க வந்தவள். வெளிநாட்டவருக்கு இடம் கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 1939, 1946ஆம் வருஷச் சட்டங்கள் போய் 2025இல் புதுச் சட்டம் வந்த பிறகும் இந்தக் கடமை தொடர்கிறது. அவளுக்கு இலை போடுவதற்கு முன்னால் நான் படிவம் போட்டேன்.

காண்ட் 1795இல் நிரந்தர அமைதி பற்றி எழுதிய நூலில் அந்நியருக்குத் தருவது வந்துபோகும் உரிமை மட்டுமே. பகைவராக நடத்தப்படாமல் இருக்கும் உரிமை. வீட்டு மனுஷராகத் தங்கத் தனி ஒப்பந்தம் வேண்டும் என்கிறார். தெரிதா 1990களில் இதைக் கிளறிப் பார்த்தார். பேர் கேட்காமல், ஊர் கேட்காமல் கதவைத் திறப்பது ஒன்று. வீட்டுக்காரரின் அதிகாரத்தைக் காப்பாற்றும் நிபந்தனைகளோடு திறப்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன, ஒன்றில்லாமல் மற்றது நிற்கவும் முடிவதில்லை.

தத்துவம் இருக்கட்டும், நான்காம் நாளுக்கு வருவோம். அந்தப் பெண் வாய் வைத்துக் குடித்த டம்ளரை அப்படியே தண்ணீர்ப் பானையில் முக்கி எடுத்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி பானையைக் கவிழ்த்துவிட்டுப் படுத்தாள். மறுநாளும் இதே கதை. ஒரு வாரம் கழித்து விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண், “ஏன் சொல்லல? சொன்னா செய்ய மாட்டேனே!” என்று கண் கலங்கினாள். “விருந்தாளிகிட்ட எப்படிம்மா சொல்றது?” என்றாள் அம்மா.

இங்கே ராமானுஜன் ஞாபகத்துக்கு வருகிறார். 1914 ஏப்ரலில் இங்கிலாந்து போனவர் முதல் சில வாரங்கள் கேம்பிரிட்ஜில் நெவில் வீட்டில் தங்கினார். பிறகு ட்ரினிட்டி கல்லூரி அறைக்குப் போனார். அங்கே குளிரில் ஓவர்கோட்டும் சால்வையுமாகத் தூங்குவதாக அவர் மஹலனோபிஸிடம் சொல்லியிருக்கிறார். கம்பளிகள் கட்டிலிலேயே இருந்தன, விரிப்புக்குக் கீழே ஒழுங்காகச் செருகி. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதே ராமானுஜன், தன் அறையில் விருந்துக்கு அழைத்தவர்கள் மூன்றாம் முறை பரிமாறியதை மறுத்ததும், சொல்லாமல் கிளம்பி ஆக்ஸ்போர்டு போய்விட்டதாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. விருந்தளிப்பவரின் அதிகாரமும் விருந்தாளியின் சம்மதத்தில்தான் தொங்குகிறது.

ஆகவே, சொல்லாமல் விடப்படும் நிபந்தனை பெருந்தன்மை ஆகிவிடாது. அது ஒளித்து வைத்த நிபந்தனை. மீறின பிறகுதான் தெரியவரும். அம்மா அன்றைக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்: எச்சில், தலைமுழுகுவது, ராத்திரி எட்டு மணி. சொன்னதோடு திட்டவும் ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் திட்டு வாங்குகிறவர்தான் வீட்டு ஆள்.

ஆனால் சொன்னால், பதிலும் கேட்க வேண்டிவரும். இரண்டாம் மாசம் அவள் கேட்டாள்: “வேலைக்கு வர்ற அக்காவுக்கு மட்டும் ஏன் தனி டம்ளர்?” எங்களிடம் பதில் இல்லை. அந்த டம்ளரை எடுத்துவிட்டோம். கொஞ்ச நாள் அந்த அக்காவே அதைத் தேடினார் என்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் போட்ட கோடு அவர் கைக்கும் பழகியிருந்தது.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. அவள் ஊருக்குப் போன மறுவருஷம் மாடிப் போர்ஷன் கேட்டு ஓர் ஆப்பிரிக்க மாணவர் வந்தார். தெருவே பார்த்தது. “ஆள் வந்தாச்சு தம்பி” என்று பொய் சொன்னது நான்தான். ‘டூ லெட்’ பலகை அவர் தலைக்கு மேலேயே ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு “தேங்க் யூ அங்கிள்” என்றார்.

1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. வளாகத்துக்குள் விடுதிகள் எழுந்தன. கூடி வாழ்வதும் படிப்பின் பகுதி என்பது அந்த ஏற்பாட்டின் எண்ணம். இன்று கேம்ப் ரோடு, செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் மாணவர்கள் தேடுவது மாடிப் போர்ஷனை. வாசலில் அவர்கள் எதிர்கொள்ளும் கேள்வி “எந்த ஊரு? என்ன ஆளுங்க?” என்பது. வடகிழக்கிலிருந்து வருகிறவருக்கு ஒரு விதமாக, சேரியிலிருந்து வருகிறவருக்கு ஒரு விதமாக அது கேட்கப்படுகிறது. வெள்ளைத்தோல் பெண்ணிடம் நான் அதைக் கேட்கவில்லை. அவளுக்கு ஒப்பந்தம், திட்டு, மறுகேள்வி எல்லாம் கிடைத்தன. இவருக்குக் கிடைத்தது ஒரு பொய்.

நிபந்தனையே இல்லாத வீடு யாரிடமும் இல்லை. என் நிபந்தனையை வந்தவர் முகத்துக்கு நேரே சொல்ல முடிகிறதா, அவர் திருப்பிக் கேட்டால் நின்று கேட்க முடிகிறதா என்பதுதான் சோதனை. ‘அசைவம் கூடாது’ என்று பலகையில் எழுதிவிடுவதால் முதல் பாதி மட்டுமே நிறைவேறுகிறது. பலகையோடு யார் பேச முடியும்? டம்ளர் விஷயத்தில் நாங்கள் பாஸாகினோம் என்று வைத்துக்கொண்டாலும், வாசலில் நான் ஃபெயில். அந்தத் தம்பிக்கு முதல் நாளே வரவில்லை, நான்காம் நாள் எங்கிருந்து வரும்?