நகரின் பூங்காக்கள் மக்களுக்குப் போதுமா?

மாலை வேளையில் மாதுங்காவின் ஐந்து தோட்டங்களில் உலவச் செல்பவருக்கு, மும்பை மாநகரில் பூங்காவுக்கு என்ன குறை என்றே தோன்றும். நிழல் மரங்கள், நடைபாதை, ஓடியாடும் சிறுவர்கள் யாவும் அங்கு உண்டு. அங்கிருந்து இரயில் பாதையைக் கடந்து தாராவிக்குள் நுழைந்தால், சிறுவர்கள் சந்திலே பந்தாடக் காண்போம். இவ்விரு பகுதிகளிலும் நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். ஆகவே, ஒரு நகரின் பூங்காக்கள் அதன் மக்களுக்குப் போதுமானவையா என்னும் வினா நமக்கு ஏட்டளவில் நிற்கும் வினாவன்று.

இந்த வேறுபாடு தற்செயலாக நேர்ந்ததும் அன்று. 1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கமும் காற்றோட்டமின்மையுமே நோய்க்குத் துணை நின்றன என அக்காலத்து அதிகாரிகள் கருதினர். அதன் விளைவாக 1898-இல் நகர மேம்பாட்டுக்கென ஓர் அமைப்பு தோன்றிற்று. தாதர், மாதுங்கா பகுதிகளை அகன்ற தெருக்களும் தோட்டங்களுமாக வகுத்தது அவ்வமைப்பே. தாராவியோ, மீனவர் குப்பத்தை ஒட்டிக் குயவர்களும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் தொழிலாளரும் தாமே குடியேறி வளர்த்த ஊர். அதற்கு முன்கூட்டி வரைபடம் வரைந்தவர் எவருமிலர். தோட்டத்துக்கு இடம் விட்டவரும் இலர்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நகரத்தில் ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்பது மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு நகரமைப்பு நெறிமுறை. மும்பையில் ஒருவருக்குக் கிட்டுவது ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதல் என்பது பல மதிப்பீடுகளின் முடிவு; ஒருவர் பாய் விரித்துப் படுக்கவும் அது போதாது. ஆயினும் இதே கணக்கை வேறு விதமாகவும் போடலாம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகர மக்கள் 1 கோடியே 24 இலட்சம் பேர். தலைக்கு 10 சதுர மீட்டர் என்றால் வேண்டுவது 124 சதுர கிலோமீட்டர். வடகோடியிலுள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் பரப்போ ஏறக்குறைய 104 சதுர கிலோமீட்டர். அக்காட்டையும் சேர்த்து எண்ணிவிட்டால் குறை பெரும்பாலும் மறைந்துவிடும்! ஆனால் சிறுத்தை உலவும் காட்டுக்கு, தாராவியிலிருந்து ஒரு தாய் தன் குழந்தையை நாள்தோறும் மாலையில் அழைத்துச் செல்ல இயலுமா? மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குத் ‘திறந்தவெளி’ என்ற சொல்லைக் கண்டாலே ஐயம் எழுகிறது. எழுதுபவர் எண்ணம்போல், அதில் காடும் அடங்கும், கடற்கரையும் அடங்கும்.

எனவே பரப்பளவைக் கேட்பதோடு நின்றுவிடலாகாது. தொலைவையும் கேட்டல் வேண்டும். 5,000 பேர் வாழும் குடியிருப்புக்கு அரை ஹெக்டேர் பூங்கா வேண்டும் என்றும் அந்நெறிமுறை கூறுகிறது. குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் பயன்படுவது இந்தச் சிறு பூங்காவே.

பூங்கா வாயிலில் நின்று வருவோரை எண்ணுவது மற்றொரு வழி. விடியற்காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் எண்ணுதல் நன்று. ஆண், பெண், சிறுவர், முதியோர் எனப் பிரித்து எண்ணுதல் அதனினும் நன்று. ஆயினும் இதில் ஒரு பெருங்குறை உண்டு. வந்தவரை எண்ணலாம், வாராதவரை எங்ஙனம் எண்ணுவது? வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும் பெண், வாயில் பூட்டியிருக்கக் கண்டு வீடு செல்கிறாள். விளக்கில்லாத மூலையையும், கழிப்பிடம் இல்லாத பூங்காவையும் கண்டு அஞ்சி வாராதவர் பலர். அவர்களை வீட்டில் சென்று கேட்டாலன்றித் தேவையின் அளவு புலப்படாது. சிவாஜி பூங்காவைச் சுற்றியுள்ள குட்டைச் சுவரை நேயர்கள் அறிவர். மாலைதோறும் அதன்மீது அமர்ந்து பேசும் முதியவர்களும் இளைஞர்களும் வாயில் கணக்கில் வருவதில்லை. பூங்காவால் பயனடைவோரில் அவர்களும் உளரன்றோ!

தாராவியை அடுத்து, மித்தி ஆற்றங்கரையில் 37 ஏக்கர் இயற்கைப் பூங்கா ஒன்று உள்ளது. குப்பைமேடாகக் கிடந்த நிலத்தில் மரம் நட்டு வளர்த்து, 1994-இல் திறந்தனர். பாராட்டத்தக்க பணி அது. எனினும் அது பறவைகளுக்கும் மரங்களுக்குமான வனம். கிரிக்கெட் ஆடும் சிறுவனுக்கு அதனால் தீர்வில்லை. தாராவி மறுசீரமைப்பு 2004 முதல் பேசப்பட்டு வருகிறது. புதிய கட்டடங்களின் உயரத்தைப் பற்றிக் கேட்போர் பலர். அவற்றினிடையே திடலுக்கு எவ்வளவு நிலம் என்று கேட்போர் சிலரே.

கேட்டால் பயனுண்டா எனச் சிலர் ஐயுறலாம். மகாராஷ்டிரத்தின் 1966-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டப்படி, வளர்ச்சித் திட்டத்தின் வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபங்களைப் பெறுதல் வேண்டும். மும்பைக்கான வரைவு 2015 பிப்ரவரியில் வெளியாயிற்று. எதிர்ப்பு வலுக்கவே, அதே ஆண்டு ஏப்ரலில் அது கைவிடப்பட்டு, 2016-இல் திருத்திய வரைவு வந்தது. 2018-இல் ஒப்புதல் பெற்றது. ஆட்சேபம் எழுத மராத்தியோ ஆங்கிலமோ தெரிந்திருத்தல் வேண்டும். மாதுங்காவில் அவை தெரிந்த தமிழர் பலர் உள்ளனர். வரைபடம் விரித்து வைக்கப்படும் நாளில், அவர்கள் இரயில் பாதையைக் கடந்து சென்று, தாராவித் தாய்மார் சொல்வதைக் கேட்டு எழுதித் தரலாம்.