பயிற்சி நேரமும் இரும்புச்சத்து மாத்திரையும்

பங்குனி வெயிலில் ஓட்டப்பிடாரம் பள்ளி மைதானத்தில் ஓடும் மாணவியின் கல்லீரலிலும், தருவைகுளம் பக்கம் உப்பளத்தில் உப்பு வாரும் அவளுடைய தாயின் கல்லீரலிலும் நடப்பது ஒன்றே. கடும் உழைப்பு, வெப்பம், பட்டினி, காய்ச்சல் எதுவானாலும் உடல் அதை நெருக்கடியாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் கார்டிசால், கல்லீரலில் மெட்டல்லோதயோனின் என்ற சிறு புரதத்தைக் கூடுதலாக உருவாக்கச் செய்கிறது. 1957இல் குதிரையின் சிறுநீரகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட புரதம் இது. இதன் ஒரு மூலக்கூறு ஏழு துத்தநாக அயனிகள் வரை பற்றிக்கொள்ளும். அதனால் இரத்தத்தில் துத்தநாகம் குறைகிறது. அது உடலை விட்டுப் போய்விடவில்லை, கல்லீரலுக்கு இடம் மாறியிருக்கிறது. காய்ச்சலின்போது தாமிரத்தின் கதை நேர்மாறு: கல்லீரல் செருலோபிளாஸ்மினை அதிகம் சுரப்பதால் இரத்தத்தில் தாமிரம் கூடுகிறது.

ஆசிரியர்களுக்கு நேரடியாகப் பயன்படுவது இரும்பின் கதைதான். கடுமையாக இயங்கும் தசைகள் இன்டர்லூகின்-6 என்ற வேதிச் செய்தியை அனுப்புகின்றன. அதைப் பெற்ற கல்லீரல் ஹெப்சிடின் ஹார்மோனைச் சுரக்கிறது. அது குடல் செல்களில் இரும்பு வெளியேறும் வாசலான ஃபெரோபோர்ட்டினை அடைத்துவிடுகிறது. பயிற்சி முடிந்து மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் உச்சத்தில் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை எட்டு மணிக்குப் பயிற்சி முடிகிறது. மதிய உணவுக்குப் பின், ஒரு மணி வாக்கில், 60 மில்லிகிராம் இரும்பு அடங்கிய வாராந்திர மாத்திரை. வாசல் அடைபட்டிருக்கும் நேரம் அது! மாத்திரை நாளில் மட்டும் கடும் பயிற்சியை மாலைக்கு மாற்றலாம், செலவில்லாத ஏற்பாடு. இரும்புக் குறைபாட்டால் இரத்தச் சோகையுள்ள விளையாட்டு வீராங்கனைகளுக்கு இது குறைவாகவே பொருந்தும்.