மெத்தையை எடைபோட்டு வாங்குங்கள்

ஏமாந்து போனவனை "இலவு காத்த கிளி" என்கிறோம். காய் பழுக்கட்டும், தின்னலாம் என்று காத்திருந்த கிளியின் வாயில், காய் வெடித்ததும் பஞ்சுதான் அகப்பட்டதாம். கிளிக்கு உதவாத அந்தப் பஞ்சை நம்பித்தான் போடிநாயக்கனூரில் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. கோடையில் போடியிலிருந்து குரங்கணிக்குப் பேருந்தில் சென்றால், உயரத்தில் ஏலமும் காப்பியும், கீழ்ச்சரிவில் மாவும் இலவமுமாக மலை அடுக்கடுக்காகத் தெரியும். அந்தக் காய்களின் பஞ்சுதான் போடியில் மெத்தையாகவும் தலையணையாகவும் தைக்கப்பட்டு வெளியூர்களுக்குப் போகிறது.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான், என் தகப்பனாருக்குக் கைப்பேசியில் படம் பார்த்து மெத்தை வாங்கினேன் என்றால் சிரிப்பீர்கள். தோட்டத்தில் காய் பறிக்கும்போது சறுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மாதக்கணக்கில் படுக்கை என்றார் மருத்துவர். இணையக் கடை ஒன்றில் 'முதுகெலும்புக்கு உகந்தது' என்று விளம்பரம் செய்திருந்த 6 அங்குலக் கனமுள்ள மெத்தையை வரவழைத்தேன். பாய் போலச் சுருட்டி வந்தது, பிரித்ததும் உப்பி எழுந்தது, வீடே வியந்தது. நான்காம் மாதம் அப்பாவின் வால் எலும்பருகே தோல் சிவந்து தடித்தது. வீட்டுக்கு வந்து போகும் செவிலியர், அவர் படுத்திருக்கும்போதே இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பார்த்தார். "சார், இடுப்பெலும்பு என் கையில முட்டுது. நடுவுல மெத்தையே இல்ல" என்றார்.

பௌதிகம் கற்பிக்கிறவன் தலைகுனிய வேண்டிய இடம் அது. ஏனென்றால் இது ஒன்பதாம் வகுப்புப் பாடம்: அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது.

60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் படுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் கீழ்நோக்கித் தரும் விசை ஏறக்குறைய 600 நியூட்டன். வெறும் தரையில் தலை, தோள், இடுப்பு, குதிகால் ஆகிய மேடுகள் மட்டுமே தொடுகின்றன. தொடும் பரப்பு 0.1 சதுர மீட்டர் என்று கொண்டால் அழுத்தம் 6000 பாஸ்கல். அதாவது 45 மில்லிமீட்டர் பாதரச அளவு. நல்ல மெத்தையில் உடல் சற்றே அமிழ்ந்து, பரப்பு 0.4 சதுர மீட்டராகப் பெருகினால் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகி, 11 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். தோலடியிலுள்ள நுண்குழாய்களில் இரத்தம் ஓடும் அழுத்தமோ 30 மில்லிமீட்டரை ஒட்டியது. அதற்கு மேல் வெளியழுத்தம் நீடித்தால் இரத்தம் தடைப்படும். நாம் உறக்கத்திலேயே புரண்டு தப்பித்துக்கொள்கிறோம். புரள முடியாதவருக்குப் புண் வருகிறது. (எந்த மெத்தையானாலும் அத்தகையவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கத்தான் வேண்டும். இதற்கு மாற்று இல்லை.)

என் மெத்தை ஏன் நான்கே மாதத்தில் தோற்றது? ஏலக்காய் நிறுக்கும் தராசில் அதைத் தூக்கி வைத்தேன். உறை நீங்கலாக 5 கிலோகிராம்! அப்போதே விடை தெரிந்துவிட்டது.

6 அடி நீளம், 3 அடி அகலம், 6 அங்குலக் கனம் கொண்ட மெத்தையின் பருமன் ஏறக்குறையக் கால் கன மீட்டர் என்றே சொல்லலாம். ஆகவே அதன் எடையை நான்கால் பெருக்கினால் அடர்த்தி கிடைத்துவிடும். என்னுடையது ஒரு கன மீட்டருக்கு 20 கிலோகிராம். கனம் 4 அங்குலமானால் ஆறால் பெருக்குங்கள். இணையக் கடைகளில் பொருளின் விவரப் பட்டியலில் எங்கோ அடியில் எடையையும் போட்டிருப்பார்கள். பூப்போட்ட உறையையும் சிரித்தபடி உறங்கும் பெண்ணின் படத்தையும் விட்டுவிட்டு நேரே அங்கே போங்கள். பாலியூரித்தேன் நுரை மெத்தை அன்றாடம் படுக்க 30க்குக் குறையக் கூடாது என்பது என் கட்சி. கனத்த உடம்பினருக்கு 40 நல்லது. எடையே தராதவரிடம் கேட்டு எழுதுங்கள். பதில் வரவில்லையானால் அதுவும் ஒரு பதில்தான்.

அடர்த்திக்கு ஏன் இத்தனை மதிப்பு? நுரை என்பது நுண்ணிய கூண்டுகளின் அடுக்கு. கூண்டின் கம்பிகள்தான் பாரம் தாங்குகின்றன, மற்றதெல்லாம் காற்று. 20 கிலோகிராம் நுரையில் கம்பிகள் மெலிந்தவை. இரவுதோறும் எட்டு மணிநேரம் மடங்கி, உடல் வெப்பத்தில் இளகி, வியர்வை ஈரமும் சேர, அவை மெல்ல ஒடிகின்றன. மடங்கிய மடிப்பிலேயே நின்றும் விடுகின்றன. இடுப்பு படும் இடத்தில் பாரம் மிகுதி, ஆகையால் பள்ளம் அங்கேதான் விழும். ஒரு சூழ்ச்சியையும் சொல்லிவைக்கிறேன்: சுண்ணாம்புத் தூள் கலந்து நுரையின் எடையைக் கூட்ட முடியும். அப்படிப்பட்டதை அழுத்தி விட்டால் சோர்ந்து எழும்.

அடர்த்தி வேறு, கடினம் வேறு. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அடர்த்தி மிகுந்த நுரை மெதுவாகவும் இருக்கலாம். அடர்த்தி குறைந்தது கட்டையாகவும் இருக்கலாம். முதுகுவலிக்குக் கட்டாந்தரை போன்ற படுக்கையே மருந்து என்ற நம்பிக்கையும் நம்மிடம் உண்டு. ஸ்பெயின் நாட்டில் நாட்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரிடம் செய்த ஆய்வு 2003இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. பாதிப்பேருக்குக் கடின மெத்தை, பாதிப்பேருக்கு நடுத்தரம். எது யாருக்கு என்பது அவர்களுக்குத் தெரியாது. 90 நாட்களுக்குப் பின் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் தணிந்திருந்தது.

தென்னை நாரை ரப்பர்ப் பாலால் பிணைத்த மெத்தை நல்ல விறைப்புடையது. ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் ஆக்சிஜனோடு சேர்ந்து மொறுமொறுத்து உதிரும். கட்டிலடியில் பழுப்புத் தூள் தென்பட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

இனி நம் இலவம்பஞ்சு. பருத்தி இழை விதையின் மேல் முளைப்பது. இலவ இழையோ காயின் உட்சுவரில் முளைப்பது. அதனால்தான் தட்டினாலே கொட்டை தனியே உதிர்கிறது. ஒவ்வோர் இழையும் ஒரே உயிரணு. மெல்லிய சுவரும் மெழுகுப் பூச்சும் உள்ள குழல். குழலின் பெரும்பகுதி காற்று. கப்பல்களில் உயிர்காப்புச் சட்டைகளுக்குள் ஒரு காலத்தில் இந்தப் பஞ்சைத்தான் அடைத்தார்கள்.

இலவம்பஞ்சு 'குளிர்ச்சி' என்பார்கள். உண்மையில் அடைபட்ட காற்று வெப்பத்தைக் கடத்தாது. பஞ்சு நம்மைக் குளிர்விப்பதில்லை. ஆனால் உறங்கும் உடல் 70, 80 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. வியர்வை ஆவியும் வெளியேற வேண்டும். பஞ்சு இழைகளின் இடையே ஆவி எளிதில் நுழைந்து போகிறது. உடம்பைக் கவ்விக்கொள்ளும் நுரையில் அதற்கு வழி குறைவு. போடியின் கோடையில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

இதன் குறையையும் மறைக்கக் கூடாது. குழல் நசுங்கினால் நுரைபோலத் தானே நிமிராது. வெயிலில் காயவைத்துத் தட்டவேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து அடித்துத் தைக்கவேண்டும். இதனாலேயே காற்றை உறிஞ்சிச் சுருட்டி அனுப்பும் இலவம்பஞ்சு மெத்தையை நான் வாங்கமாட்டேன். நெருப்பும் இதற்கு ஆகாது. கொசுவர்த்தியை அருகில் வைக்காதீர்கள்.

கலப்படமும் உண்டு. வந்து சேர்ந்ததும் தையலோரத்தில் ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே முறுக்குங்கள். பருத்தியானால் நூல்போல் திரிந்து நிற்கும். இலவம் வழவழப்பானது, திரியாமல் நழுவும். பிறகு அதை ஒரு குவளை நீரில் அமிழ்த்திப் பிசைந்து விடுங்கள். இலவம் மிதந்து வரும்; பருத்தி நனைந்து இறங்கும்.

வாங்குமுன் கட்டிலின் உள்ளளவை எடுக்க மறவாதீர்கள். 72, 75, 78 என மூன்று நீளங்களில் விற்கிறார்கள். மூன்று அங்குல இடைவெளியில் தலையணை விழுந்துகொண்டே இருக்கும். திருப்பி அனுப்பும் நாட்கள் எத்தனை, பள்ளம் எத்தனை அங்குலம் ஆனால் மாற்றித் தருவார்கள் என்பதையும் படியுங்கள். என் மெத்தைக்கு அந்த ஆழத்தை ஆள் இல்லாதபோது அளக்க வேண்டுமாம். எழுந்துவிட்டால் நுரை பாதி மீண்டுவிடும். பள்ளமும் கணக்கில் வராது!

அப்பாவுக்கு இப்போது 4 அங்குல அடர் நுரையின் மேல் மெல்லிய இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை விரித்திருக்கிறோம். சிவப்பு ஆறிவிட்டது. கைத்தடியுடன் நடக்கிறார். பஞ்சு நம் தோட்டத்ததுதானா என்று மட்டும் இரண்டு முறை கேட்டுவிட்டார்.